வளைவுக் கட்டடம், மேல்மாடி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசினால் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பாதிப் பேச்சு போய்விடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு சங்கதி. நம் படப் பிரேம் கடை இருக்கிற வளைவுக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கட்டடத்துச் சொந்தக்காரப் பெரியவர் போன பிறகு அவர் மகன்தான் எல்லாவற்றுக்கும் முதலாளி. போன வாரம் வந்து, வாடகைக்கு இருக்கிற எங்கள் எல்லோரையும் கீழே செருப்புக்கடையில் உட்கார வைத்துப் பேசினான். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவானாம். அதுவரை பின்தெருவில் ஆளுக்கு ஓர் இடம். கட்டி முடிந்ததும் இப்போது இருக்கிறவர்களுக்கே கடைகள். "யாருக்கெல்லாம் தரைத்தளம் வேணும்?" என்று கேட்டான். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிச் சட்டென்று கையைத் தூக்கிவிட்டேன். பல் டாக்டர் சிரித்தார். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். கீழே கடை என்றால் கண்ணாடியை வண்டியிலிருந்து இறக்கி நேராக மேஜையில் வைத்துவிடலாம், படி ஏற வேண்டியதில்லை. அதை நினைத்ததுமே என் முழங்காலுக்குப் பாதி குணமாகிவிட்டது.

ஒப்பந்தம் இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது. அதனால் நாம் இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன். நான் போட்டாகிவிட்டது. உனக்குப் பென்சிலால் குறி போட்ட இடத்தில் நீயும் போட்டு அனுப்பிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 2

பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நீயும் அத்தானும் நலம் என்று அறிந்து நிம்மதி. நாங்களும் அப்படியே.

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வளைவுக் கட்டடத்தை இடிப்பதா? கேட்க ஆளில்லையா? நாற்சந்தியில் தெருவோடு சேர்ந்து வளைந்து நிற்கிற அந்த முகப்புக்கு இந்த மாநகரத்தில்கூட ஜோடி கிடையாது. எத்தனை பேர் கால் பட்டுக் குழிவிழுந்த படிகள்! கைப்பிடியில் வழுக்கி இறங்கி அப்பாவிடம் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்! வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் அவர் உட்கார்ந்து பிரேம் இழைப்பார். வெள்ளைச் சட்டையில் சிவப்பும் பச்சையும் விழுந்து கிடக்கும். இங்கே ஆபீஸில் ஆறடிக்கு நாலடித் தடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு நான் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க்காரர் சங்கத்தில் சொன்னேன். எல்லோரும் கொதித்துப்போனார்கள். தலைவர் ஓய்வுபெற்ற என்ஜினியர். பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்றே அரசாங்கத்தில் ஓர் இலாகா இருக்கிறதாம், மனுக் கொடுப்போம் என்றார். மனுவோடு உள்ளூர்க்காரர்களின் நினைவுகளையும் சேர்த்து வைத்தால் பலமாம். அதை உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? கட்டடத்தில் இருப்பவர்களிடம் நாலு வார்த்தை கேட்டு எழுது. அந்த ஜன்னலைப் பற்றியும் எழுது.

தாள் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துப் போட மனம் வரவில்லை. கொஞ்சம் பொறு.

அன்புடன்,
தம்பி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே எப்படி?

நீ கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்? கேட்டுவிட்டேன். பல் டாக்டர் சொன்னது அப்படியே: "கூரையிலேருந்து ஒரு எலி பேஷன்ட் மடியில விழுந்துச்சு. அந்த ஆளு பல்லக்கூடப் பிடுங்கிக்காம ஓடிட்டாரு. வலி அப்பவே போயிருச்சாம். இதையும் எழுதிக்குங்க." செருப்புக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "என் சம்சாரம் இந்தப் படியில இறங்கி வந்தத பாத்துத்தான் நான் விழுந்தேன்" என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மா, "செருப்பு அறுந்து நொண்டிக்கிட்டு வந்தேன். அதையும் சொல்லு" என்றாள். குடை ரிப்பேர்க்காரருக்கு இந்தக் கட்டடத்தின் மேல் தனி மரியாதை. மழைக்காலத்தில் வெளியே இருப்பவர்களைவிட உள்ளே இருப்பவர்கள்தான் அவரிடம் அதிகம் குடை வாங்குகிறார்களாம்.

ஜன்னலில் பச்சைக் கண்ணாடி ஒன்றுதான் மிச்சம். மற்ற கட்டங்களுக்கெல்லாம் பிளைவுட் அடித்து வருஷக்கணக்காகிறது. ஆனால் காலை வெயிலில் அந்தப் பச்சை மேஜைமேல் விழத்தான் செய்கிறது, அழகாகத்தான் இருக்கிறது.

அத்தானுக்குக் கையில் கண்ணாடி கொஞ்சம் பட்டுவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். நீ கவலைப்பட வேண்டாம். தாளை மறந்துவிடாதே.

உன் அக்கா

மார்ச் 20

பிரியமுள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அத்தானின் காயம் இதற்குள் ஆறியிருக்கும்.

அக்கா, உன் கடிதத்தைச் சங்கத்தில் வாசித்தேன். செருப்புக்கடைக்காரரின் காதல் கதையில் என்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பச்சை வெயில் மேஜைமேல் விழுகிறது என்ற வரியை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்கள். எலியை மட்டும் எடுத்துவிடலாம் என்று முடிவு.

இன்னும் ஒன்று வேண்டும். மற்றவர்களுடையது போதும், உன் சொந்த நினைவை எழுது. அப்பாவுக்குப் பிறகு அந்தக் கடையை ஆண்டுகொண்டிருப்பவள் நீ. உன்னைப்போல் அந்த இடத்தை அனுபவித்தவர்கள் வேறு யார்? என்னைப் பார், எங்கோ வந்து மாட்டிக்கொண்டேன். கொடுத்துவைத்தவள் நீதான்.

அன்புடன்,
தம்பி

மே 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உடனே பதில் போட முடியவில்லை, வேலை அதிகம். வெட்டுவது, இழைப்பது, ஒட்டுவது எல்லாம் இப்போது என் தலையில். பரீட்சை முடிவு வந்த சமயம் வேறு. பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பிரேம் போடப் பெற்றோர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெயிலானவன் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை, அவர்களால்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

என் நினைவு என்று கேட்டாய். எழுதுகிறேன். உனக்கே தெரியும், மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். பெரிய கண்ணாடித் தகடு ஏறும்போது எதிரே யாரும் வரக் கூடாது. அதனால் அப்பா காலத்திலிருந்தே ஒரு வழக்கம். தூக்குகிறவர் கீழ்ப்படியில் நின்று "கண்ணாடீ!" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான், கட்டடமே நிற்கும். இறங்குகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். பல் டாக்டர்கூடப் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்துவிட்டுக் காத்திருப்பார் என்று பேஷன்ட்டுகள் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் உன் அத்தான் குரல் கொடுத்துவிட்டுத் தகட்டோடு சீட்டியடித்துக்கொண்டே ஏறுவார். தகட்டில் தெருவும் வானமும் ஆடி ஆடி மேலே வரும். நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

இப்போது நான்தான் குரல் கொடுக்கிறேன். என் குரல் திருப்பத்தைத் தாண்டுவதில்லை. இரண்டு மூன்று தடவை கூவ வேண்டியிருக்கிறது.

தாள் என்ன ஆயிற்று?

உன் அக்கா

ஜூன் 11

பிரியமுள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம், நீங்களும் நலமென நம்புகிறேன்.

இதோடு ஒரு சின்னப் புத்தகம் வைத்திருக்கிறேன். சங்கம் அச்சடித்தது. அட்டையில் வளைவுக் கட்டடம். உள்ளே முதல் பக்கத்திலேயே நீ! "கண்ணாடீ என்று ஒரு குரல், கட்டடமே நிற்கும். சந்தோஷமாகத்தான் இருந்தது என்கிறார் அங்கே வாழ்நாள் முழுவதும் தொழில் செய்யும் பெண்மணி." கடைசி இரண்டு மூன்று வரிகளை இடமில்லாததால் விட்டுவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே.

இலாகாவில் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, கட்டடத்தைப் பார்க்கவே ஆள் அனுப்புகிறார்களாம். காகிதக் கட்டுகளைப் பார்த்து அசையாதவர்கள் உன் எழுத்துக்கு அசைந்திருக்கிறார்கள். தாளைப் பற்றி இனி நீ யோசிக்கவே வேண்டாம். இடித்தால்தானே கையெழுத்து!

அன்புடன்,
தம்பி

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுது.

இலாகா ஆட்கள் வந்துபோனார்கள். பெரிய அதிகாரிக்கு உடம்பு கொஞ்சம் கனம். திருப்பத்தில் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அற்புதமான படி" என்றார். உட்காருவதற்கு அற்புதமான படிதான்.

என்னைப் பச்சைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிளைவுட் தெரியாதபடி என்னையே முன்னால் நிறுத்தினார்கள். "இடிச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமில்லம்மா?" என்று கேட்டார் அதிகாரி. புத்தகம் அவர் கையில் இருந்தது. என் தம்பி ஊரைக் கூட்டி ஒரு காரியம் செய்திருக்கிறான், நான் அங்கே வேறு என்ன சொல்வேன்? "பழகின இடம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

அத்தான் கீழே செருப்புக்கடையில் உட்கார்ந்திருந்தார். அவர் மேலே வந்து நாளாகிறது.

தம்பி, ஆகஸ்ட் வரைதான் பார்ப்பேன் என்கிறான் முதலாளி மகன். தாளைப் பற்றி எழுதி எழுதி எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அக்கா

ஆகஸ்ட் 2

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! ஆணை வந்துவிட்டது. வளைவுக் கட்டடத்தை இனி யாரும் தொட முடியாது. இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது, சுவரில் ஓர் ஆணிகூட இலாகாவின் அனுமதி இல்லாமல் அடிக்கக் கூடாது. சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். இந்த மாலை என் அக்காவுக்குரியது என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று தோன்றுகிறது.

ஆணையின் நகல் ஒன்று பெரிய அளவில் வரும். அதை மாடிப்படிக்குக் கீழே மாட்ட வேண்டும். பிரேம் வேறெங்கும் போடக் கூடாது, நம் கடையில்தான் போட வேண்டும் என்று தீர்மானமே போட்டிருக்கிறார்கள். நல்ல கனமான கண்ணாடியாகப் போடு.

அன்புடன்,
தம்பி

அண்ணி, வணக்கம். இவர் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் பிடுங்கி எழுதுகிறேன். உங்கள் கடிதங்களை இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்தேன். அண்ணன் ஏன் கீழேயே உட்கார்ந்திருக்கிறார்? கண்ணாடியை யார் தூக்குகிறார்கள்?

செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அவளுக்கு என் அன்பைச் சொல். இந்த ஒன்பது மாதத்தில் ஒரு கேள்வி கேட்டது அவள்தான்.

கண்ணாடியை நான்தான் தூக்குகிறேன். பிப்ரவரியில் உன் அத்தான் தகட்டோடு திருப்பத்தில் விழுந்தார். நீ உருகி உருகி எழுதினாயே, கால் பட்டுக் குழிவிழுந்த படி, அதில்தான் வழுக்கியது. வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது. தைத்தார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மடங்கவில்லை, இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கையால் அவர் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. அதைவிட மோசம், அந்தப் படியில் காலை வைக்கவே அவர் பயப்படுகிறார். அதனால் காலையில் என்னோடு வருவார், செருப்புக்கடையில் ஒரு ஸ்டூலில் உட்காருவார், சாயங்காலம் என்னோடு திரும்புவார். என் குரல் எட்டாததால் இப்போது எனக்காகக் கீழேயிருந்து குரல் கொடுப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. "கண்ணாடீ!" என்று அவர் கூவுவார், நான் தூக்கிக்கொண்டு ஏறுவேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றில்லை. தூரத்தில் இருப்பவனை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று பாதிப் பாதியாகச் சொன்னேன். மீதியை நீ கேட்பாய் என்று நினைத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்காகிவிட்டது.

உன் ஆணையும் வந்தது. பிரேம் போட்டேன். நீ சொன்னபடி கனமான கண்ணாடி. மேலே தூக்கிக்கொண்டுபோய் வெட்டி, ஒட்டி, மறுபடி கீழே தூக்கிக்கொண்டு வந்தேன். மாட்டுவதற்கு ஆணி அடிக்கக் கூடாதாம், அந்த ஆணையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம். போகிறவர் வருகிறவர் கால் படுகிறது. குடை ரிப்பேர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முதலாளி மகன் கையைக் கழுவிவிட்டான். "இடிக்க முடியாத கட்டடத்துக்கு நான் எதுக்குக்கா கூரையில ஒரு ஓடு மாத்தணும்?" என்கிறான். பின்தெரு இடமும் இல்லை, கீழ்க்கடையும் இல்லை. கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது. அவன் மேலும் தப்புச் சொல்ல மாட்டேன்.

தம்பி, எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை, ஆசையும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவளுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்த மாதிரி இருந்தது ஜனவரியில். அதில் உன் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டாய். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உனக்கு வர வேண்டாம், நீ நன்றாக இரு. ஆனால் கொடுத்துவைத்தவள் என்று மட்டும் இனி எனக்கு எழுதாதே.

உன் அக்கா

அக்டோபர் 9

அக்கா,

நலம் விசாரிக்கவே கூசுகிறது.

உன் கடிதங்களை என்னையே உரக்க வாசிக்க வைத்தாள் இவள். ஒவ்வொன்றிலும் நீ சொல்லித்தான் இருக்கிறாய். முழங்கால், பிளைவுட், மழை, அத்தான் கை, உன் குரல். எல்லாம் இருக்கிறது. நான்தான் அதையெல்லாம் தாண்டித் தாண்டி எனக்கு வேண்டியதைப் பொறுக்கியிருக்கிறேன். இடமில்லை என்று விட்ட வரிகளையும் நான்தான் அடித்தேன்.

தலைவரிடம் போய் ஆணையை ரத்து செய்ய மனுப் போடலாமா என்று கேட்டேன். "ஏன்யா, நீதானே ஆரம்பிச்சே?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உபயோகமில்லை என்று தெரியும். டிசம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். கண்ணாடியை நான் தூக்குகிறேன், அக்கா. ஒன்றே ஒன்று, நான் வருகிறவரைக்கும் கடையை மட்டும் விட்டுவிடாதே. அப்பா உட்கார்ந்த இடம்.

தம்பி

டிசம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அத்தானும் நலம். அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

கையெழுத்துப் போட்ட தாள் வந்தது. கடையை நவம்பர் ஆரம்பத்திலேயே காலி செய்துவிட்டோம். உனக்குச் சொல்லாமல் செய்தேன். சொன்னால் நீ கடிதம் எழுதுவாய், நான் இளகிவிடுவேன். மேஜையும் பிரேம் அறுக்கிற பீடிங் கட்டைகளும் நாற்சந்திக்கு அந்தப் பக்கம் இருக்கிற கண்ணாடிக்கடைக்காரருக்குப் போயின. நானும் அங்கேதான் போகிறேன், சம்பளத்துக்கு. முப்பது வருஷம் அவரிடம் கண்ணாடி வாங்கியவள் இப்போது அவர் வீட்டுக் கண்ணாடியை வெட்டுகிறேன். "முதலாளியம்மா" என்று கேலி செய்கிறார். முதல் வாரம் சுருக்கென்று இருந்தது, இப்போது இல்லை. கடை தரையில் இருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

உங்கள் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் வேனில் வந்து கட்டடத்தைப் பார்த்துப்போனார்களாம். அந்தப் புத்தகத்துப் பெண்மணி எங்கே என்று கேட்டார்களாம். "எதுத்தாப்புல இருக்காங்க" என்று செருப்புக்கடைக்காரர் காட்டியிருக்கிறார். நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். நல்லதாகப் போயிற்று, எனக்கும் கைநிறைய வேலை இருந்தது.

நீ வருகிறேன் என்றாய். கண்ணாடி தூக்க வர வேண்டாம். வளைவுக் கட்டடத்தைப் பார்க்க வருவதானால் அது அங்கேயேதான் நிற்கும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அத்தான் இப்போது வீட்டில் தனியாக இருக்கிறார், எனக்கு அதுதான் கவலை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பும்போது காலையில் விட்ட இடத்திலேயே இருக்கிறார். கேட்டால், "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். இந்த வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் பேனாவைக் கேட்கிறார். இடது கையால் எழுதிப் பழகுகிறார். என்ன எழுதினாலும் நான் திருத்தப்போவதில்லை. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா

மாப்பிள்ளை, நான் நலமில்லை. வா.